யாரிடம் பேசினேன் என்று கேட்டவர்

வில்லியனூர் குடும்ப ஆலோசனை மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். மனு வாங்குவது எப்படி, இரண்டு தரப்பையும் எப்போது தனித்தனியாகக் கூப்பிடுவது, எந்த வழக்கைக் காவல் நிலையத்துக்கு அனுப்புவது என்பதெல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். நான் ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். நன்றாக முடிந்த வழக்கு இல்லை இது. நன்றாக முடிந்தவற்றைச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் இனி உங்கள் எதிரில் வந்து உட்காரப்போகிறவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருப்பார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் குடும்ப ஆலோசகராக வேலைக்கு வந்த காலத்தில், ஒரு வீட்டில் தகராறு என்றால் அதற்குக் காரணமான ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். குடிக்கிற கணவன், வாய் நீண்ட மாமியார், அடுத்த தெருவில் இன்னொரு பெண். ஆள் அனுப்பினால் திட்டிக்கொண்டேயாவது வருவார்கள். நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, கத்துகிற வரைக்கும் கத்தவிட்டு, அப்புறம் பேசலாம். எங்கள் வேலையே அந்த நாற்காலிதான். அதில் உட்கார ஆள் இல்லாத வழக்கு ஒன்று வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

சங்கீதா முதல் தடவை தனியாக வந்தாள். திருக்கனூர்ப் பெண். கல்யாணத்துக்கு முன் அங்கே கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவள்; வருகிறவர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுத் தருவாள். பாகூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கணவர் அய்யனார் விவசாயி. நெல்லும் கரும்பும் போடுகிறவர், சொந்த டிராக்டர் வைத்திருப்பவர். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. மாமியாரும் நல்ல மாதிரி என்றாள்.

"அப்புறம் என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டேன்.

"அவரு போன்ல மெசேஜ் சத்தம் வந்தா மூஞ்சில ஒரு வெளிச்சம் வருது மேடம். எடுத்துப் பாக்கறாரு. ஒடனே அணைஞ்சிடுது. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி! நான் எதிர்லியே நிக்கிறேன். என்னப் பாத்து ஒரு வாட்டிகூட அந்த வெளிச்சம் வர்ல."

வேறு பெண் யாராவது இருக்கிறாளா என்று கேட்டேன். இருந்தாள், இப்போது இல்லை, ஆனால் இருக்கிறாள் என்றாள். குழம்பிப்போய், நிதானமாகச் சொல்லச் சொன்னேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அய்யனார் ஒரு டேட்டிங் ஆப்பில் தாரா என்ற பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு வருடம் போலப் பேச்சு. நேரில் பார்த்துக்கொண்டது இல்லை. திடீரென்று ஒரு நாள் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் வீட்டில் பேசி முடித்துச் சங்கீதாவைக் கட்டிவைத்தார்கள். அய்யனார் எதையும் மறைக்கவில்லை. கல்யாணமான புதிதிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டார். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முடிந்துபோன கதை என்று விட்டுவிட்டாள்.

முடியவில்லை. ஏதோ ஓடிபி எடுப்பதற்காக ஒரு நாள் அவர் போனை வாங்கியவள், அவர் இன்னும் அந்தத் தாராவுக்கு எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். எந்தப் பதிலும் இல்லை. இவர் மட்டும் எழுதிக்கொண்டே இருக்கிறார்.

"கெட்டதா ஒண்ணும் இல்ல மேடம். 'இன்னிக்கு நல்ல மழ. பம்புசெட்டுல பாம்பு பூந்துடுச்சு. அம்மாவுக்கு முட்டி வலி ஜாஸ்தியா கீது.' இதான். எங்கிட்ட சொல்ல வேண்டிய பேச்சு. வூட்ல குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன். பாம்பு பூந்தத எனக்கு மாமியாருதான் சொன்னாங்க."

உங்களில் சிலருக்கு இது ஒரு புகாரா என்று தோன்றலாம். எங்கள் மையத்திலேயே ஒருவர், "அடிக்கல, குடிக்கல, இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு இதெல்லாம் ஒரு குறையா" என்று முணுமுணுத்தார். அடிபட்டு வந்த பெண்களைப் பல வருடம் பார்த்தவள் நான். அவர்களின் கண்ணில்கூட இல்லாத ஒன்று இவள் கண்ணில் இருந்தது. அடிக்கிறவனுக்கு, தான் அடிப்பது யாரை என்றாவது தெரியும். இவளைக் கணவர் பார்க்கவே இல்லை.

இரண்டு மூன்று தடவை சொல்லியனுப்பிய பிறகு அய்யனார் வந்தார். வெயிலில் கறுத்த, நெடுநெடுவென்ற மனிதர். போனைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்; பேசும்போது நடுநடுவே கை தானாக அங்கே போய்த் திரும்பியது. முதலில், "ஒண்ணும் இல்ல மேடம், அவ சும்மா பெருசு பண்றா" என்றார். நான் நோட்டை மூடி வைத்தேன். அப்புறம் அவரே ஆரம்பித்தார்.

விவசாயம் பண்ணுகிறவனுக்குப் பெண் இல்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். ஜாதகம் போகும், திரும்பி வரும். கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தாலும் பரவாயில்லை, மாதச் சம்பளம் வேண்டும் என்றார்கள். முப்பது தாண்டிய பிறகு சிநேகிதன் ஒருவன் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். முதலில் ஆகாஷ் என்று பெயர் வைத்து, கூலிங் கிளாஸ் போட்ட படம் ஒன்றைப் போட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஜாதகம் பாக்கறவங்களாச்சும் ஒரு வாரம் வெச்சிருந்து வேணாம்பாங்க மேடம். இதுல ஒரு வெரலு. ஒரே தள்ளு. படுத்துக்கினு, டிவி பாத்துக்கினு தள்ளுவாங்க. தெனம் எத்தினி பேரு நம்மள தள்ளியிருப்பாங்கன்னு நெனைச்சா ஒடம்பு கூசும். ஆனா அத்த மூடவும் முடியாது. அடுத்தது ஒண்ணு வந்துடுமோன்னு இருக்கும்."

கடைசியில் வெறுத்துப்போய், தன் பெயரையே போட்டு, கரும்புத் தோட்டத்தில் நிற்கிற படத்தைப் போட்டார். அப்போதுதான் தாரா வந்தாள். இது நிஜப் பெயர்தானா என்று கேட்டாள். கரும்பில் பூ வருமா என்று கேட்டாள். பூத்தால் எங்களுக்கு நஷ்டம், சாறு வற்றிவிடும் என்று இவர் எழுதி, பூத்து நின்ற ஒரு கரும்பைப் படமெடுத்து அனுப்பினார். 'நஷ்டமா இருந்தாலும் அழகா இருக்கு' என்று அவள் பதில் போட்டாள்.

இதைச் சொல்லும்போது அய்யனாருக்குக் குரல் மாறியது. ஒரு வருடமாகப் பேசியதில் அந்த ஒரு வரியைத்தான் அவர் சாமி படம் மாதிரி மனசில் மாட்டி வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"அவ ஒருத்திதான் மேடம் என்ன ஒரு ஆளா மதிச்சா."

"கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்த பொண்ணு மதிக்கலியா?"

"அது வேற மேடம். சங்கீதாவ அவங்க அப்பா குடுத்தாரு. இவ தானா வந்து பேசினா."

தாரா கடைசியாக எழுதியது 'நாளைக்குப் பேசலாம்' என்று. அந்த நாளை வரவில்லை. இறந்துபோயிருப்பாளோ, வீட்டில் தெரிந்து அடைத்து வைத்திருப்பார்களோ, தான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டோமோ என்று அவர் பழைய பேச்சையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்தார். திருபுவனையில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை, விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள் என்பது மட்டும் தெரியும். சில நாள் சாயங்காலம் அந்த ஹைவே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றும் பார்த்திருக்கிறார். ஷிப்ட் விட்டு எத்தனையோ பெண்கள் பஸ் ஏறினார்கள். அவள் இல்லை.

"இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா நான் வுட்டிருப்பேன் மேடம்."

தொடர்ந்து வரச் சொன்னேன். வந்தார். அந்த ஆப்பை எடுத்துவிடச் சொன்னபோது மட்டும், "எடுத்துட்டா அவ திரும்பி வந்தா எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் சங்கீதா ஒரு நாள் வேகமாக உள்ளே வந்தாள். அவளுடைய சித்தி மகள் ஒருத்தி திருபுவனையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். அவளிடம், கணவரின் போனிலிருந்து எடுத்த தாராவின் படத்தைக் காட்டியிருக்கிறாள். "இவங்க எங்க ஆபீஸ்லதான் கீறாங்க" என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டாள் அவள். தாரா என்பது உண்மைப் பெயர் இல்லை என்றும் தெரிந்தது. நான் இங்கே தாரா என்றே சொல்கிறேன்.

"நாளைக்குப் போறேன் மேடம். ஷிப்ட் விடற நேரத்துல போய் நிக்கப்போறேன். அவ மூஞ்சிய நான் பாக்கணும்."

போகாதே என்று சொல்வதுதான் விதி. உங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தருவார்கள். சரியாகத்தான் சொல்லித் தருகிறார்கள். மூன்றாவது ஆளைத் தேடிப்போகிறவர்கள் அடிதடியில் முடிந்து நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சங்கீதா அனுமதி கேட்டு வரவில்லை. நான் தடுத்தால் வீட்டுக்குப் போகிற மாதிரி போய், தனியாக அங்கே போயிருப்பாள். ஒரு பெண்ணின் கன்னத்தில் இன்னொரு பெண்ணின் கை விழாமல் இடையில் யாராவது நிற்க வேண்டும் என்று பட்டது. நானும் வருகிறேன் என்றேன். அது என் முடிவு. இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

சித்தி மகள் மூலம் சொல்லி வைத்திருந்ததால் தாரா தானாகவே ஹைவே ஓரத்து ஜூஸ் கடைக்கு வந்தாள். பயமில்லாமல் வந்தாள். சின்னப் பெண், பொட்டு வைத்து, கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, சாப்பாட்டுப் பையோடு. நான் யார் என்பதைச் சொல்லி, யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் சொன்னேன். சங்கீதா தன் போனில் அய்யனாரின் படத்தைக் காட்டினாள்.

தாரா வாங்கிப் பார்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"யாருக்கா இது? எங்க கம்பெனில டிரைவரா இருக்காரா?"

சங்கீதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பெண் நடிக்கிறாளா என்று என்னிடம் கேட்கிற பார்வை. எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான்.

"அய்யனாரு. பாகூரு. உங்கூட அந்த ஆப்ல பேசிக்கினு இருந்தாரு" என்றாள் சங்கீதா.

தாராவின் முகம் சிவந்தது. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது எப்பவோக்கா. அதை விட்டே ரொம்ப நாளாச்சு." கண்ணை மூடி நிஜமாகவே யோசித்தாள். "கரும்புப் பூ போட்டோ அனுப்பினாரே, வெள்ளையா, கோரைப் புல்லு மாதிரி... அவரா?"

"ஆமா" என்று சங்கீதா முன்னால் சாய்ந்தாள். கணவரை இன்னொருத்தி ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பதில் அவளுக்கு ஒரு கணம் சந்தோஷம்போல ஏதோ வந்துபோனதைப் பார்த்தேன்.

தாரா மறுபடி படத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "இல்லக்கா. அவரு திண்டிவனம். தாடி வெச்சிருப்பாரு. இவரு... தெரியலியேக்கா."

சங்கீதா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "ஏன் பேச்ச நிறுத்தின?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

"யாருகிட்டயும் குறிப்பா நிறுத்தலக்கா. அப்ப பஸ்ல வருவேன். விழுப்புரத்துலேர்ந்து நின்னுக்கினே வரணும், போர் அடிக்கும். யாராச்சும் பேசுவாங்க, நானும் பேசுவேன். அப்புறம் கம்பெனில வேன் விட்டாங்க. வேன்ல பக்கத்துல எல்லாம் தெரிஞ்சவங்க. போனை எடுத்தா எட்டிப் பாப்பாங்க. அதோட விட்டுட்டேன்." எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துப் பயந்துபோனாள். "அவரு ஏதாச்சும் பண்ணிக்கிட்டாராக்கா?"

"இல்ல. நல்லாத்தான் கீறாரு" என்றாள் சங்கீதா.

"எனக்குத் தை மாசம் கல்யாணம். எம்போட்டோ இருந்தா அழிச்சிடச் சொல்லுங்கக்கா. நான் தப்பா ஒண்ணும் பேசலியே?"

தப்பாக எதுவும் பேசவில்லை என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தோம். வேன் வந்து நின்றது, ஏறிப் போய்விட்டாள். அவள் மேல் கோபப்பட நான் முயற்சி செய்து பார்த்தேன். வரவில்லை. நாள் முழுதும் வேலை பார்த்துவிட்டுப் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போகிற ஒரு பெண், கிடைத்த பேச்சைப் பேசியிருக்கிறாள். அந்தப் பேச்சின் மறுமுனையில் ஒரு மனிதன் தன் முழு மரியாதையையும் கொண்டுபோய் வைத்திருக்கிறான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

வில்லியனூர் பஸ்ஸில் சங்கீதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

"அடிக்கணும்னுதான் மேடம் வந்தேன். அவரு எங்கிட்ட பேசாத பேச்செல்லாம் இவகிட்ட போவுதேன்னு வயிறெரிஞ்சேன். அந்தப் பேச்சு எங்கியும் போய்ச் சேரலியே மேடம். எனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல."

அடுத்த கேள்வி, இதை அவரிடம் சொல்வதா என்பது. உடனே போய்ச் சொல்கிறேன் என்றாள் சங்கீதா. உண்மை தெரிந்தால் விட்டுவிடுவார் என்று நம்பினாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஊரே வேண்டாம் என்று தள்ளிய ஆள், தன்னை மதித்தவள் ஒருத்தி உண்டு என்கிற நினைப்பில் கால் ஊன்றி நிற்கிறார். அதை உருவினால் அவர் மனைவி பக்கம் சாய்வார் என்று என்ன நிச்சயம்? சொல்லவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மையத்தில் வைத்து, நான் உடன் இருக்கும்போது, மெதுவாகச் சொல்வோம் என்றேன். ஒப்புக்கொண்டாள். ஆனால் கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது. ஆள் கிடைப்பது, லாரி வருவது என்று அய்யனார் அலைந்துகொண்டிருந்தார். வரச் சொன்ன தேதிகளில் அவரால் வர முடியவில்லை.

ஒரு மத்தியானம் சங்கீதா போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

அவளுடைய அப்பா பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது என்று சேதி வந்திருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் போனைப் பார்த்தபடியே "உம்" என்றார். அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவள் வாயிலிருந்து கொட்டிவிட்டது.

"நீ யாருன்னே அவளுக்குத் தெரியாது, போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்துட்டு டிரைவரான்னு கேட்டான்னு சொல்லிட்டேன் மேடம். கரும்புப் பூவ திண்டிவனத்துக்காரன் அனுப்பினதா சொன்னான்னும் சொல்லிட்டேன். சத்தமே போடல. ஏன் நிறுத்தினாளாம்னு மட்டும் கேட்டாரு. கம்பெனில வேன் வுட்டாங்களாம்னேன். கை கழுவிட்டு எழுந்து கழனிப் பக்கம் போயிட்டாரு. போன வூட்லியே வெச்சிட்டுப் போயிட்டாரு மேடம்."

அவர் போனை விட்டுவிட்டுப் போனார் என்பதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. இந்த மாதிரி நேரத்தில், யார் சரி யார் தப்பு என்று பேசாதீர்கள். அவர் இப்போது தனியாக இருக்கிறாரா, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, இந்த இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும். பூச்சி மருந்து எங்கே என்று கேட்டேன். பம்புசெட்டு ஷெட்டில் என்றாள். அவருடைய தாய்மாமன் வீடு பக்கத்திலேயே இருந்தது. அவரை உடனே அனுப்பு, மருந்து டப்பாக்களை எடுத்துத் தன் வீட்டில் பூட்டி வைக்கட்டும், அய்யனாரிடம் எதுவும் கேட்க வேண்டாம், சும்மா கூட இருக்கட்டும் என்றேன். மாமியாருக்கும் இதையே சொன்னேன். அந்த அம்மாள், "யம்மா, நீ வந்துடும்மா" என்று ஓவென்று அழுதார். ஆட்டோ பிடித்துப் போனேன்.

கரும்பு வெட்டி முடித்த கழனியில் காய்ந்த இலைச் சோகைகள் பரந்து கிடந்தன. அய்யனார் பம்புசெட்டுத் தொட்டியின் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி மாமன் பீடியோடு நின்றிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சாவ மாட்டேன் மேடம். பயப்படாதீங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

"நான் அதுக்கு வரல. உங்ககூட உக்காரத்தான் வந்தேன்."

தொட்டித் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்: "அவளுக்கு என்னத் தெரியலன்னா, நான் இத்தினி நாளா யாருகிட்ட மேடம் பேசினேன்?"

இந்தக் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் பதில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வேலைக்காலத்தில் ஓர் ஆணின் கையை நான் பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அய்யனார் ஆப்பை எடுத்துவிட்டார். தாராவின் படங்களை அழித்தார். போன் வீட்டில் ஒரு மூலையில் கிடந்தது. நான் சொல்லி மனநல மருத்துவரிடமும் போனார். மாத்திரையில் தூக்கமும் சாப்பாடும் சீரானது. மாமனாரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துக் கூடவே இருந்தார். அய்யனாரின் அம்மா ஒரு கட்டுக் கரும்பை மையத்துக்கு அனுப்பி வைத்தார். "சாதிச்சிட்டீங்க மேடம்" என்று சக ஊழியர்கள் பிரித்துத் தின்றார்கள். எனக்கு அதில் ஒரு துண்டுகூட இறங்கவில்லை. சத்தம் அடங்கிய வீட்டைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். சங்கீதா அடுத்த மாதமே வந்தாள்.

"இப்ப நான் சொல்றத எல்லாம் கேக்கறாரு மேடம். கூப்பிட்டா வராரு. கொழம்பு நல்லாருக்குன்றாரு. லாட்ஜில தங்கினவரு மாதிரி இருக்காரு."

இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தேன். பலமுறை. அய்யனாரைத் தனியாக வைத்தும் பேசினேன். அவர் மழுப்புகிற ஆள் இல்லை. தன்னைப் பற்றித் தெளிவாகத்தான் பேசினார்.

"அவ பொய் பேசல மேடம். அழகா இருக்குன்னு சொன்னப்போ நெசமாத்தான் சொன்னா. நெசமா சொல்லியும் அதுல ஒண்ணும் இல்ல. அப்போ நெசமா பேசறதுக்குத்தான் இன்னா அர்த்தம்? சங்கீதா நல்லா பேசறா. பாசமாத்தான் பேசறா. அவ பேசப்பேச, நாளைக்கு ஒரு வேன் வந்தா இதுவும் நின்னுபூடும்னு தோணுது. உள்ள ஒண்ணும் போவ மாட்டேங்குது மேடம். எனக்கே அவளப் பாத்தா பாவமா கீது."

வெளியூரில் ஒரு பெண் போனை மூடி வைத்தாள். அதற்காக இங்கே இன்னொரு பெண்ணின் வார்த்தை செல்லாமல் போய்விட்டது. குடிகாரனைத் திருத்தியிருக்கிறேன். வீட்டை விட்டு ஓடினவனைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். நம்புகிற சக்தி போய்விட்ட ஒருவருக்கு அதை எங்கேயிருந்து எடுத்துக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மனைவி நன்றாக நடந்துகொண்டால் அது தானாக வரும் என்று எல்லாரும் அவளுக்குச் சொன்னார்கள். அவள் நன்றாக நடந்துகொண்டாள். ஒரு வருடத்துக்கு மேல் நடந்துகொண்டாள்.

பிறகு சங்கீதாதான் பிரிந்துவிடலாம் என்றாள். அவள் வீட்டில் பெரிய ரகளை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை, எந்தக் காரணத்தைச் சொல்லி வருகிறாய் என்று அவளுடைய அப்பா ஊன்றுகோலோடு மையத்துக்கே வந்து கத்தினார். கோர்ட்டுக்குப் போவதற்கு முன், கடைசியாக ஒரு தடவை இரண்டு பேரையும் என் எதிரில் உட்கார வைத்தேன். அய்யனாரிடம், "அவகிட்ட ஏதாவது சொல்லணும்னா இப்ப சொல்லிடுங்க" என்றேன். ஏதாவது ஒரு வார்த்தைக்காக நான் ஏங்கினேன். போகாதே என்று வேண்டாம், ஒரு திட்டாவது.

அவர் சங்கீதாவை நேராகப் பார்த்தார். "உம்மேல ஒரு கொறையும் இல்ல" என்றார்.

அவர் போன பிறகு சங்கீதா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு கொறை சொல்லியிருந்தாக்கூட இருந்திருப்பேன் மேடம்" என்றாள்.

அந்த வழக்கை மூடும்போது, 'பரஸ்பர சம்மதம்' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுதப் படிவத்தின் அந்தக் கட்டத்தில் இடமில்லை.

நான் ஓய்வு பெற்று வந்தாயிற்று. அய்யனார் இப்போதும் கரும்பு போடுகிறார், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார், யாரோடும் அதிகம் பேசுவதில்லை என்று மாமன் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது சொன்னார். தாராவுக்குக் கல்யாணமாகிவிட்டதாம். சந்தோஷமாக இருக்கட்டும்.

சில வாரங்களுக்கு முன், காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது சங்கீதா போனில் கூப்பிட்டாள். மறுபடி ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போகிறாள் என்று தெரியும். நலம் விசாரித்தாள். பிறகு தயங்கினாள்.

"மேடம், போன்ல ஒருத்தரு பேசறாரு. கடலூரு. கூட வேல செய்யற பொண்ணுதான் அந்த ஆப்ப போட்டுக் குடுத்துச்சு. வேணாம் வேணாம்னுதான் இருந்தேன். நல்லா பேசறாரு மேடம். தூங்கினியா, தல வலி போச்சான்னு கேக்கறாரு. எங்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல. நம்பலாமா மேடம்?"

இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். "எதுவா இருந்தாலும் முதல்ல நேர்ல பாரும்மா. நேர்ல பாத்துப் பேசாம ஒரு முடிவும் எடுக்காத."

அவள் குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லாமல், ஒரு சந்தேகத்தைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அய்யனார நேர்ல பாத்துதான மேடம் கட்டிக்கினேன்?"

கடைக்காரர் தக்காளிப் பையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன். அந்தப் பக்கம் அவளும் வைக்கவில்லை.